கிணத்துத் தண்ணி மஞ்சளா வருதா? ஜேசிபி கூப்பிடறதுக்கு முன்னாடி மண்ணையும் நிலத்தடி நீரையும் எப்படி ஆய்வு பண்றது

எங்க பெரியப்பா வழில வந்த 1 ஏக்கர் 20 சென்ட் இடம் ராணிப்பேட்டை பக்கத்துல இருக்கு. அதுல ஒரு ஓரத்துல முன்னாடி வாடகைக்கு ஒரு தோல் ஷாப் (தோல் பதனிடற யூனிட்) ஓடிட்டிருந்துச்சு, மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. ஷெட்டெல்லாம் இடிஞ்சு வேலிக்காத்தான் மண்டிக்கிடந்த இடத்தை சுத்தம் பண்ணி தென்னை வைக்கலாம்னு போனப்பதான் கிணத்துத் தண்ணிய ஒரு வெள்ளை பக்கெட்ல மொண்டு பாத்தோம். எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி லேசான மஞ்சள். வாசனை எதுவும் இல்ல.

பயந்துபோய் ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். அவர் வந்து பத்து நிமிஷம் சுத்திப் பாத்துட்டு "மேல மூணடி மண்ண வழிச்சு எடுத்துட்டு ஏரி வண்டல் அடிச்சிரலாம் சார், ரெண்டு மழைல கிணறு தெளிஞ்சிரும்"னு சொன்னாரு, நாங்களும் நம்பி ஷெட் இருந்த 20 சென்ட்ல எண்பது லோடுக்கு மேல மண்ணு எடுத்தோம், 3 லட்சத்து 20 ஆயிரம் செலவு. மூணு மழை வந்து போச்சு, பக்கெட்ல தண்ணி அதே மஞ்சள். அப்புறமா முறையா ஆய்வு பண்ணப்பதான் தெரிஞ்சுது, எடுத்த மண்ணுல பெரும்பகுதி நல்ல மண்ணு, பிரச்சினையான மண்ணு ஒரு மூலைல அஞ்சடிக்குக் கீழ அப்படியே உக்காந்திருந்துச்சு. அள்ளிட்டுப் போன மண்ணை எங்க கொட்டினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது, அதுல கெட்ட மண்ணும் கொஞ்சம் கலந்துதான் போயிருக்கும், யாரோட வயக்காட்டுல போய் விழுந்துச்சோன்னு எனக்கு இன்னும் மனசு கேக்கல.

உங்களுக்கு அப்படி நடக்கக்கூடாதுன்னுதான் இதை வரிசையா எழுதறேன். தோல் ஷாப் இடத்தை வச்சு சொல்றேன், ஆனா சாயப்பட்டறை, எலக்ட்ரோபிளேட்டிங் யூனிட், பழைய பெட்ரோல் பங்க் இடம்னாலும் படிகள் இதேதான், டெஸ்ட் பண்ற பொருள் மட்டும் மாறும்.

1. முதல்ல காகிதம் சேருங்க

மண்ணைத் தொடறதுக்கு முன்னாடி இந்த இடத்துல என்ன நடந்துச்சு, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்னு தெரியணும். வில்லங்கம் குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க, பதிவுத்துறை தளத்துல பாக்கறதுக்குக் காசு கிடையாது, கையெழுத்தோட நகல் வேணும்னாத்தான் கட்டணம். விற்பனை யாரு யாருக்குன்னு மட்டும் பாக்காம குத்தகைப் பத்திரம், பேங்க் அடமானம் ரெண்டையும் கவனமாப் படிங்க. எங்க வில்லங்கத்துல ஷெட்டும் மெஷினும் சேர்த்து வச்ச ஒரு அடமானம் இருந்துச்சு, அதுலதான் யூனிட்டோட சரியான பேரும் ஆரம்பிச்ச காலமும் கிடைச்சுது.

பட்டா, அ பதிவேடு, புலப்படம் (நில அளவுப் படம்) மூணும் எடுத்துக்கோங்க. புலப்படம் அப்புறம் மேப் போடறப்ப ரொம்ப உதவும். முடிஞ்சா விஏஓ ஆபீஸ்ல பழைய அடங்கலும் கேட்டுப் பாருங்க, எந்த வருஷம் வரைக்கும் நெல்லு, கேழ்வரகுன்னு பயிர் எழுதியிருக்கு, எந்த வருஷத்துல இருந்து தரிசுன்னு மாறுதுன்னு பாத்தா அந்த நிலம் எப்ப கெட்டுச்சுன்னு ஓரளவு பிடிபடும்.

அடுத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு ஆர்டிஐ. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சர்வே நம்பர், யூனிட் பேரு, எந்த வருஷம்னு குறிப்பாப் போட்டு, இசைவாணை (யூனிட் நடத்த வாரியம் குடுத்த அனுமதி) நகல், ஆய்வு அறிக்கை, ஒரு நாளைக்கு எவ்வளவு தோல் போட்டாங்க, எவ்வளவு கழிவுநீர்னு தனித்தனியா கேளுங்க. "எல்லா விவரமும் தரவும்"னு பொத்தாம்பொதுவா எழுதினா ஒண்ணும் வராது, எங்க முதல் மனுவுக்கு அப்படித்தான் ஆச்சு. 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அதுக்கடுத்த 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு போடலாம். இந்த ஒரு மாசம் சும்மா காத்திருக்க வேண்டாம், 2, 3, 4 படிகளை இதோட சேர்த்தே ஓட்டிடலாம்.

கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களைப் பின்னாடி தள்ளித் தள்ளிப் பாருங்க. கழிவு காயப்போட்ட பாத்தி, கருப்பா ஒரு திட்டு, எந்த வருஷமும் பச்சை வராத ஒரு மூலை எல்லாம் மேல இருந்து நல்லாத் தெரியும்.

2. நடந்து பாருங்க, வேலை செஞ்சவங்களைத் தேடிப் பிடிங்க

எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பெரிய படி. செலவும் இல்ல.

நடக்கறப்ப என்னென்ன பாக்கணும்னா, சுண்ணாம்புத் தொட்டி இருந்த வெள்ளைப் படிவு, நீலமும் பச்சையும் கலந்த களிமண் மாதிரி கழிவு (இது பெரும்பாலும் மூவிணை குரோமியம்ங்கற வகை, கீழ விளக்கறேன்), மண்ணுக்குள்ள முடி, தரைல உப்பு பூத்த எடம், புல்லே முளைக்காத எடம், பழைய வாய்க்கால் எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடியுதுன்னு. ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து புலப்பட நகல்ல குறிச்சுக்கோங்க.

அப்புறம் அங்க வேலை பாத்தவங்க யாராவது ஊர்ல இருப்பாங்க. எங்களுக்கு பக்கத்துத் தெருவுலயே எழுபது வயசுத் தாத்தா ஒருத்தர் கிடைச்சாரு. அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் நின்னப்ப அவர் தோலைப் போட்டு சுத்தற டிரம் ஷெட் பக்கமே திரும்பல, நேரா வடகிழக்கு மூலைக்குப் போனாரு. "இங்கதாம்பா பைக்ரோமேட்ட ஆசிட் ஊத்திக் கலக்குவோம், வெல்லப்பாகு ஊத்துவோம், குபுகுபுன்னு பொங்கும், பச்சையா மாறினப்புறம்தான் டிரம்முக்குப் போகும். மிச்சம் மீதி, சிந்தினது எல்லாம் இந்தக் குழிக்குத்தான்"னாரு. அந்தக் காலத்துல குரோம் கரைசல ரெடிமேட் பவுடரா வாங்காம தாங்களே தயார் பண்ணியிருக்காங்க. கான்ட்ராக்டர் மண்ணு எடுத்த எடத்துக்கும் அந்தக் குழிக்கும் நாப்பதடி தூரம்.

இதுல ஒரு விஷயத்தை விளங்கிக்கணும். தோல் பதப்படுத்தற உப்புல இருக்கறது மூவிணை குரோமியம், அது மண்ணுல ஒட்டிக்கிட்டு அவ்வளவா நகராது. பைக்ரோமேட்ல இருக்கறது ஆறிணை குரோமியம், தண்ணில கரைஞ்சு ஓடும், மஞ்சளா இருக்கும், புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. ராணிப்பேட்டைல மூடிக்கிடக்கற தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை வளாகத்துல கொட்டிக்கிடக்கற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேலான கழிவுல இருந்து கசியறதும் இந்த ஆறிணைதான். அதனால கிணறு மஞ்சளா இருந்தா உங்க இடத்துல இருந்தே வருதா, வெளில இருந்து வருதான்னு ரெண்டு கேள்வியும் ஆரம்பத்துலயே திறந்து வச்சிருக்கணும்.

பாதுகாப்பு: பழைய கழிவுத் தொட்டி, மூடின குழி, பாழுங்கிணறு எதுக்குள்ளயும் யாரையும் இறக்காதீங்க, தோல் கழிவுல ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு உருவாகும், ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துருவாங்க. காய்ஞ்ச கழிவைக் கிளறினா தூசி மூக்குக்குள்ள போகும், மாஸ்க்கும் கிளவுசும் இல்லாம தொடாதீங்க. கழிவுச் சேறு கெட்டியாத் தெரிஞ்சாலும் நம்பக்கூடாது, 2015 ஜனவரி கடைசில ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுச் சேத்துத் தொட்டி சுவர் உடைஞ்சு தூங்கிட்டிருந்த தொழிலாளிங்க உட்பட 10 பேர் இறந்துபோனாங்க.

3. ஒரே ஒரு தாள்ல படம் போடுங்க

பெரிய கன்சல்டன்ட்கள் இதுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, உங்களுக்கு அது வேண்டாம். ஒரு ஏ3 தாள் எடுத்து மூணு கேள்விக்குப் பதில் வரைங்க: மாசு எங்கிருந்து கிளம்புது, எது வழியாப் போகுது, கடைசில யாரைத் தொடுது. குழி, தொட்டி, டிரம் ஷெட், வாய்க்கால், உங்க கிணறு, பக்கத்துக்காரங்க போர், தண்ணித் தொட்டி, மாடு குடிக்கற எடம்னு எல்லாம் அதுல வரணும். தெரியாத எடத்துல கேள்விக்குறி போடுங்க. நீங்க இனிமே எடுக்கற ஒவ்வொரு சாம்பிளும் இதுல ஒரு கேள்விக்குறிய அழிக்கறதுக்குத்தான் எடுக்கணும், எதையும் அழிக்காத சாம்பிளுக்குக் காசு குடுக்காதீங்க.

4. தண்ணில முதல் ரவுண்டு

உங்க கிணறு, உங்க போர், சுத்தி இருக்கற மூணு நாலு பேரோட கிணறு, அவ்வளவு போதும். பக்கத்துக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி ரிசல்ட்டை அவங்களுக்கும் குடுப்போம்னு வாக்கு குடுங்க, அவங்களும் அதைத்தான் குடிக்கறாங்க, மறைக்கறது பாவம்.

பிஎச் (அமில, காரத் தன்மை), டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்புகளோட மொத்த அளவு), குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், மொத்தக் குரோமியம், ஆறிணைக் குரோமியம். முதல் ரவுண்டுக்கு இது போதும். குளோரைடு ஏன்னா பச்சைத் தோலை உப்பு போட்டுத்தான் கொண்டு வருவாங்க, அதனால தோல் ஷாப் கழிவுநீர் எங்க போச்சோ அங்க உப்பும் போயிருக்கும். குரோமியம் மண்ணுல மாட்டிக்கிட்டாலும் உப்பு மாட்டாது, முன்னாடியே ஓடிரும், அதனால கழிவுநீர் எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னு குளோரைடு காட்டிக் குடுத்துரும்.

தண்ணி தெளிவா இருக்கே, நல்ல தண்ணிதானேன்னு நினைக்காதீங்க. குடிநீர் தரம் ஐஎஸ் 10500 படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மி.கி.தான் எல்லை, அந்த அளவுக்கு பல மடங்கு மேல போனாத்தான் கண்ணுக்கு மஞ்சளே தெரியும். காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும். ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்க, சமைக்க வேற தண்ணி ஏற்பாடு பண்ணிக்கோங்க.

5. லேபும் பாட்டிலும் (இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க)

குடிநீர் வடிகால் வாரிய லேப் மாவட்டத் தலைநகர்ல இருக்கும், சாதாரண குடிநீர் டெஸ்டுக்கு அது சிக்கனம். குரோமியம் மாதிரி உலோகங்களுக்கு என்ஏபிஎல் (லேபுகளோட தரத்தை அங்கீகரிக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப் போங்க. ஆனா "என்ஏபிஎல் லேப் சார்"னு சொல்றதோட விட்டுராதீங்க, அங்கீகாரம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனியா வாங்கியிருப்பாங்க, அந்த ஸ்கோப் லிஸ்ட்ல "ஆறிணைக் குரோமியம், தண்ணி" அப்புறம் "ஆறிணைக் குரோமியம், மண்ணு" ரெண்டும் இருக்கான்னு பாருங்க. எத்தனை மி.கி. வரைக்கும் அவங்க மெஷின் கண்டுபிடிக்கும்னும் கேளுங்க. எல்லை 0.05 ஆ இருக்கறப்ப 0.1க்குக் கீழ தெரியாத லேப்ல டெஸ்ட் பண்ணி "கண்டறியப்படவில்லை"னு வாங்கி வச்சுக்கறதுல அர்த்தமே இல்ல.

எங்களுக்கு நடந்ததை சொல்றேன். முதல் ரிப்போர்ட்ல லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 3.6 மி.கி., ஆறிணை 0.4 மி.கி.ன்னு வந்துச்சு. தண்ணி மஞ்சளா இருக்கு, ஆனா மஞ்சளுக்குக் காரணமான ஆறிணை இவ்வளவு கம்மின்னா எப்படின்னு எனக்குப் பொருந்தவே இல்ல. அப்புறம் ஒரு நிலத்தடிநீர் நிபுணர்கிட்ட காட்டினப்ப அவர் முதல் கேள்வியே "பாட்டில்ல ஆசிட் போட்டாங்களா?"ன்னுதான் கேட்டாரு. ஆமா, சாம்பிள் எடுக்க வந்த பையன் ஒரே பாட்டில்ல நைட்ரிக் ஆசிட் விட்டு எல்லா உலோகத்துக்கும் அதையே குடுத்துட்டான், லேப்ல டெஸ்ட் பண்ணது ஆறு நாள் கழிச்சு. ஆசிட் பட்டா தண்ணில இருக்கற கரிமப்பொருளோட சேர்ந்து ஆறிணை மூவிணையா மாறிடும். ரெண்டாவது தடவை ஆசிட் இல்லாம ஐஸ் பெட்டில வச்சு அன்னைக்கு சாயங்காலமே லேப்ல குடுத்தோம், எங்க கண்ணு முன்னாடியே ஆறிணையைக் காட்டிக் குடுக்கற டைஃபீனைல் கார்பசைடு கரைசலை விட்டாங்க, தண்ணி சட்டுன்னு கத்திரிப்பூ கலருக்கு மாறிடுச்சு. மொத்தம் 3.8, ஆறிணை 3.5.

அதனால பாட்டில் விதி இதுதான்:
- மொத்தக் குரோமியம், மத்த உலோகம்: தனி பாட்டில், அங்கயே 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி நைட்ரிக் ஆசிட் போடணும், இது மாசக்கணக்கா தாங்கும்.
- ஆறிணைக் குரோமியம்: தனி பாட்டில், ஆசிட் கூடாது, ஐஸ்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள டெஸ்ட் பண்ணியாகணும்.
- பெட்ரோல், சால்வென்ட் சந்தேகம் இருந்தா: 40 மி.லி. கண்ணாடி வயல், ஒரு காத்துக் குமிழி கூட இல்லாம நிரப்பணும், தலைகீழா கவுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்.

பத்து சாம்பிளுக்கு ஒண்ணு டூப்ளிகேட்டா வேற பேர் எழுதிக் குடுங்க, ரெண்டு ரிசல்ட்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா லேபை நம்பலாம். யாரு எடுத்தாங்க, எத்தனை மணிக்கு, யாரு கைல குடுத்தாங்கன்னு ஒரு தாள் சாம்பிளோடயே போகணும், நாளைக்கு வாரியத்துக்கோ கோர்ட்டுக்கோ போனா இந்தத் தாள்தான் பேசும்.

இன்னொண்ணு, ரிப்போர்ட்டை நீங்களே சரிபாக்க ஒரு வழி இருக்கு. பிஎச் 7க்கு மேல இருக்கற, வடிகட்டின தண்ணில குரோமியம் நிறைய இருந்தா அது அநேகமா முழுசும் ஆறிணையாத்தான் இருக்கும், ஏன்னா மூவிணை அந்த பிஎச்ல கரைஞ்சு நிக்காது. ரிப்போர்ட் இதோட முட்டுச்சுன்னா மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

6. மண்ணு: எங்க, எவ்வளவு ஆழம்

கையால திருகி எறக்கற ஆகர் வாடகைக்குக் கிடைக்கும், பத்தடி வரைக்கும் ரெண்டு பேர் போதும், பாறை சிதைவு வந்துட்டா மெஷின் வேணும். 3வது படில போட்ட படத்தை வச்சு சந்தேக எடங்கள்ல முதல்ல போடுங்க: குழி, தொட்டியோரம், வாய்க்கால் முடிவு, கழிவு காயப்போட்ட பாத்தி. மிச்ச எடத்துல 10 மீட்டருக்கு ஒண்ணுன்னு கட்டம் போட்டா போதும். ஒவ்வொரு துளைலயும் மேல அரையடி, மூணடி, அஞ்சடி, அப்புறம் மண்ணு நிறம் மாறற எடத்துல எல்லாம் ஒண்ணொண்ணு. ஒவ்வொரு துளைக்கும் ஆகரைக் கழுவணும், இல்லைன்னா முன்ன துளையோட அழுக்குதான் அடுத்ததுல வரும்.

அந்த வடகிழக்கு மூலைல முதல் நாலடி சாதாரண செம்மண்ணு. அஞ்சடில ஆகர் மேல வந்தப்ப பச்சைச் சாம்பல் கலர்ல வழவழன்னு ஒரு மண்ணு, நடுநடுவுல மஞ்சள் கீத்து, ஈரத்துணில தொடச்சா துணில மஞ்சள் ஒட்டுச்சு. பதினோரு அடி வரைக்கும் அதேதான். யாரோ மேல நல்ல மண்ணைப் போட்டு மூடியிருக்காங்க. அகலம் அளந்து பாத்தா 5 மீட்டருக்கு 4 மீட்டர், 1.8 மீட்டர் தடிமன், 36 கன மீட்டர். டிப்பர் கணக்குல அஞ்சு லோடு. நாங்க முன்னாடி எண்பது லோடு எடுத்திருந்தோம்.

மண்ணு டெஸ்ட்ல ஏமாறற எடங்கள் (இதை கவனமாப் படிங்க):

நாலஞ்சு எடத்து மண்ணைக் கலந்து ஒரே சாம்பிளாக் குடுத்தா காசு மிச்சம்னு லேப்காரங்களே சொல்லுவாங்க. வயலுக்கு உரம் போடறதுக்கு அது சரி, இதுக்கு ஆகாது, ஒரு எடத்து விஷத்தை நாலு எடத்து நல்ல மண்ணு கரைச்சு மறைச்சிரும்.

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் மெஷின் கொண்டு வந்து சுட்டு சுட்டு நம்பர் காட்டுவாங்க, எங்க அதிகம்னு வேகமாத் தேட அது நல்ல சாமான், ஆனா அது காட்டறது மொத்தக் குரோமியம் மட்டும்தான், ஆறிணையா மூவிணையான்னு அதுக்குத் தெரியாது.

உங்க இடத்துக்கு வெளில, மேட்டுப் பக்கம், எந்த யூனிட்டும் இல்லாத எடத்துல ரெண்டு மூணு சாம்பிள் கட்டாயம் எடுங்க. சில ஊர் பாறையிலயே குரோமியம் இயற்கையா உண்டு, நாமக்கல் சித்தம்பூண்டி, சேலம் சுண்ணாம்புக் கரடு பக்கமெல்லாம் அப்படித்தான், அங்க மண்ணுல குரோமியம் இருக்குன்னு ஒரு யூனிட்டைக் கை காட்டிட முடியாது.

மோசமான மூணு சாம்பிளுக்கு மட்டும் டிசிஎல்பி கசிவு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அந்த மண்ணு அபாயக் கழிவுக் கணக்குல வருதா இல்லையான்னு அதுதான் சொல்லும், அந்த ஒரு பதிலை வச்சு உங்க பட்ஜெட்டே மாறும்.

7. தண்ணி பூமிக்குள்ள எந்தப் பக்கம் ஓடுது

ரோடு சரிவு தெற்க, அதனால தண்ணியும் தெற்கதான் போகும்னு நாங்க எல்லாரும் நினைச்சோம். தப்பு. மேல இருக்கற சரிவை வச்சு கீழ இருக்கற தண்ணியை சொல்ல முடியாது.

திசை தெரியணும்னா குறைஞ்சது மூணு கிணறு வேணும், ஒரே கோட்டுல இல்லாம முக்கோணமா. மூணுலயும் குழாய் வாய்ல இருந்து தண்ணி எத்தனை மீட்டர் கீழ இருக்குன்னு ஒரே நாள்ல ஒரு மணி நேரத்துக்குள்ள அளக்கணும், அப்புறம் ஒரு சர்வேயரை வச்சு மூணு குழாய் வாயும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு உசரம்னு லெவல் பாக்கணும். வாய் உசரத்துல இருந்து ஆழத்தைக் கழிச்சா தண்ணி மட்டம். எங்களுக்கு 98.40, 98.10, 97.70 மீட்டர்னு வந்துச்சு, தோராயமா 98.40ல இருந்து 97.70 பக்கமாத்தான் தண்ணி போகும், எங்க இடத்துல அது வடகிழக்கு. காரணம் என்னன்னு பாத்தா அந்தப் பக்கத் தோப்புல ரெண்டு போர் நாள் பூரா ஓடுது, அது இழுக்குது. அளக்கறதுக்கு முந்தின ராத்திரி சுத்துவட்டார மோட்டாரை எல்லாம் நிறுத்தச் சொல்லி ஒரு தடவை, ஓட விட்டு ஒரு தடவை, ரெண்டும் அளந்து வச்சுக்கோங்க.

பழைய விவசாயப் போரையே ஆய்வுக் கிணறா வச்சுக்கலாமான்னு கேப்பீங்க. அதுல எந்த ஆழத்துத் தண்ணி வருதுன்னே தெரியாது, எல்லாம் கலந்து வரும். ஆய்வுக் கிணறுன்னா 4 இன்ச் பிவிசி குழாய், தண்ணி வர்ற ஆழத்துல மட்டும் துளைக் குழாய், சுத்தி ஜல்லி, அதுக்கு மேல ரெண்டு மூணடி பென்டோனைட் களிமண், அதுக்கு மேல சிமென்ட், பூட்டு போட்ட மூடி. அந்தக் களிமண் அடைப்பை மட்டும் விட்டுராதீங்க, போர் வண்டிக்காரங்க "எதுக்கு சார் அதெல்லாம்"பாங்க, நேர்ல நின்னு போடச் சொல்லுங்க. அது இல்லைன்னா மேல இருக்கற விஷத்தண்ணி குழாயோரமாவே கீழ பாறை வெடிப்புக்கு இறங்கிடும், நம்ம ஆய்வே புது வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். போர் போட உள்ளாட்சி அனுமதி கட்டாயம், பஞ்சாயத்துல முன்னாடியே எழுதிக் குடுத்து வாங்கிக்கோங்க, ஆய்வு முடிஞ்சு வேண்டாம்னா முறையா மூடுங்க, திறந்து விட்டுட்டுப் போகாதீங்க.

சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி குழாய்ல தேங்கின பழைய தண்ணிய வெளியேத்தணும். 4 இன்ச் குழாய்ல 1 மீட்டர் தண்ணி கிட்டத்தட்ட 8 லிட்டர், 6 மீட்டர் நின்னா 48, மூணு மடங்குன்னா ஒரு 145 லிட்டர். பிஎச்சும் மின்கடத்துத்திறனும் ஒரே நம்பர்ல நிக்கற வரைக்கும் எறைச்சுட்டு அப்புறம் பிடிங்க. எறைச்ச தண்ணிய டிரம்ல பிடிச்சு வைங்க, தரைல ஊத்தாதீங்க.

நம்ம பக்கம் கெட்டிப் பாறை பூமி, மேல சிதைஞ்ச பாறை, கீழ வெடிப்பு. மூணு கிணறு மேல் அடுக்குக்குத்தான் பதில் சொல்லும், வெடிப்புல எப்படி ஓடுதுன்னு சொல்லாது. ஆழமான போர்லயும் குரோமியம் வந்துச்சுன்னா ரெசிஸ்டிவிட்டி சர்வே பண்ற ஒருத்தரைக் கூப்பிடுங்க, உப்புத் தண்ணி கரண்ட்டை நல்லாக் கடத்தும், அதனால கழிவுநீர் பரவின எடம் அதுல தனியாத் தெரியும்.

ரெண்டு சீசன் பாக்கணும். மே மாசம் ஒண்ணு, வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரில ஒண்ணு. மழைக்கு அப்புறம் அளவு குறைஞ்சா தண்ணி கரைச்சிருக்கு, கூடினா மேல் மண்ணுல இன்னும் சரக்கு இருக்கு, மழை அதைக் கழுவி இறக்குதுன்னு அர்த்தம். எங்களுக்குக் கூடுச்சு.

8. எந்த அளவோட ஒப்பிடறது

தண்ணிக்கு ஐஎஸ் 10500: குரோமியம் 0.05, டிடிஎஸ் 500 (வேற வழி இல்லைன்னா 2000), குளோரைடு 250 (அதே மாதிரி 1000), நைட்ரேட் 45, எல்லாம் லிட்டருக்கு மி.கி. மண்ணுக்கு நம்ம ஊர் கன்சல்டன்ட்கள் பலரும் கனடா அளவுகளை எடுத்துப்பாங்க, விவசாய நிலத்துக்கு கிலோவுக்கு மொத்தக் குரோமியம் 64 மி.கி., ஆறிணை 0.4 மி.கி. ரிப்போர்ட்ல தொழிற்சாலை நிலத்துக்கான அளவை வச்சு "பாஸ்"னு போட்டிருக்காங்களான்னு பாருங்க, தென்னை வைக்கப் போறவங்களுக்கு அது பொருந்தாது.

9. அரசாங்கத்துக்கிட்ட எப்ப போறது

முதல் ரவுண்டு தண்ணி ரிப்போர்ட் வந்த உடனே. 2025 ஜூலைல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசுபட்ட இடங்களுக்குன்னே தனி விதிகள் கொண்டுவந்திருக்கு. மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் சந்தேக இடங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தெரிவிக்கணும், மாசு கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்ல முதற்கட்ட ஆய்வு, அப்புறம் மூணு மாசத்துல விரிவான ஆய்வு, யார் பொறுப்புன்னு கண்டுபிடிக்க 90 நாள்னு அதுல காலக்கெடு இருக்கு. குப்பைக் கிடங்கு, சுரங்கம், கதிரியக்கக் கழிவு எல்லாம் அதுக்குள்ள வராது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர்கிட்ட ரிப்போர்ட், புலப்படம், போட்டோ வச்சு மனு குடுத்து ரசீது நம்பர் வாங்கிக்கோங்க, ஒரு நகல் வாரிய மாவட்ட ஆபீசுக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க. நீங்களே அந்த மண்ணைத் தோண்டி எடுக்க ஆரம்பிச்சிட்டு அப்புறம் போனா ஆதாரமும் போச்சு, பொறுப்பும் உங்க தலைலதான் வரும்.

10. செலவு, நாள்

எங்களுக்கு ஆனது: முதல் தண்ணி ரவுண்டு 14,000, மண்ணு 22 சாம்பிள் 55,000, மூணு ஆய்வுக் கிணறு 1,10,000, நிபுணர் ஃபீஸ் 60,000, லெவல் சர்வே 6,000. மொத்தம் 2,45,000. வீணா மண்ணு அள்ளினதை விட 75,000 கம்மி. கொட்டேஷன் வாங்கறப்ப "ஆய்வு மொத்தமா இவ்வளவு"னு வாங்காதீங்க, துளைக்கு எவ்வளவு, சாம்பிளுக்கு எவ்வளவு, பாராமீட்டருக்கு எவ்வளவுன்னு பிரிச்சு வாங்குங்க. சுத்தம் பண்ற வேலையும் எடுக்கறவங்களை ஆய்வுக்கு வைக்காதீங்க, அவங்ககிட்ட என்ன மெஷின் இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரிதான் ரிப்போர்ட் வரும்.

காகிதம் ஆறு வாரம், தண்ணி பத்து நாள், மண்ணு ஒரு மாசம், கிணறு ரெண்டு வாரம், ரெண்டு சீசனும் சேத்தா எட்டு ஒன்பது மாசம் ஆகும். கூட்டுக்குடும்பச் சொத்துன்னா இந்த நாள் கணக்கை ஆரம்பத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லிருங்க.

11. இப்ப சுத்தம் பண்ற முறையைப் பேசலாம்

கைல ரிசல்ட் இருந்தா முறை பெரும்பாலும் தானா வந்து நிக்கும்.

மேல் மண்ணுல மூவிணை மட்டும், கசிவு டெஸ்ட்லயும் பாஸ், தண்ணில இல்லைன்னா அதைத் தோண்டித் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல, களிமண் போர்வை போட்டு மூடி, அங்க கீரை காய்கறி வைக்காம விடறது போதும்.

சின்ன எடத்துல அடர்த்தியா ஆறிணை இருந்தா தோண்டி எடுக்கலாம், ஆனா அபாயக் கழிவுன்னு வந்துட்டா வாரிய அனுமதியோட, படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவு எங்கிருந்து எங்க போகுதுன்னு காட்டற சீட்டு) போட்டு, கும்மிடிப்பூண்டில இருக்கற மாதிரி அங்கீகரிச்ச கிடங்குக்குத்தான் போகணும். டன் கணக்குல காசு, அதான் 36 கன மீட்டரா 700ஆன்னு முதல்ல தெரியணும்னு இவ்வளவு சொன்னேன்.

தண்ணில ஆறிணை பரவியிருந்தா பூமிக்குள்ளயே ஃபெரஸ் சல்ஃபேட் மாதிரி பொருளையோ வெல்லப்பாகையோ செலுத்தி மூவிணையா மாத்தற முறை இருக்கு. அந்தத் தாத்தா வடகிழக்கு மூலைல பண்ணின அதே வேதியியல்தான், மஞ்சள் பச்சையாகி அடங்கிடும். ஆனா எங்க செலுத்தறதுன்னா ஓட்டத் திசை தெரியணும், எவ்வளவு செலுத்தறதுன்னா அளவு தெரியணும். தண்ணிய எறைச்சு சுத்திகரிக்கற முறை, மூலக் குழிய எடுக்காம பண்ணினா வருஷக்கணக்கா கரண்ட் பில்தான் ஏறும். பிஎச், மண்ணு வகை எல்லாம் எடத்துக்கு எடம் மாறும், அதனால உங்க மண்ணு, உங்க தண்ணி அஞ்சு கிலோ, இருபது லிட்டர் எடுத்து லேப்ல சின்ன அளவுல கலந்து பாத்து ஒரு மாசம் வச்சிருந்து மறுபடி மஞ்சள் திரும்புதான்னு பாத்தப்புறம்தான் அட்வான்ஸ் குடுங்க.

நாங்க இப்ப அந்த ஒரு மாசத்துலதான் இருக்கோம். லேப்ல ஆறு ஜாடி வச்சிருக்காங்க, நாலு ஜாடில தண்ணி தெளிஞ்சிருக்கு, ரெண்டுல இன்னும் மஞ்சள். தெளிஞ்ச நாலுல எது மருந்து கம்மியாப் போட்ட ஜாடின்னு பாத்து அந்த அளவை வச்சு வாரியத்துக்கு மனு எழுதிட்டிருக்கோம், கிணத்து மேல கம்பி வலை போட்டு பூட்டி, "குடிக்கக் கூடாது"ன்னு பெரிய எழுத்துல போர்டு வச்சிருக்கோம்.